கணக்கில் சேராத ஆட்டம்

மைதானத்தில் மேடம் கைதட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் அணி கோல் போட்டு, மாணவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே ஓடும்போதும் அவர் குனிந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

"கைதட்டுனா அடுத்த பந்து விட்டுப்போயிரும் சார்" என்பார்.

நான்கு கோடுகளை நிற்கவைத்து ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். ஒரு ஆட்டம் முடியும்போது ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகள் மூன்று நான்கு பக்கங்களுக்கு நிறைந்திருக்கும். நெருக்கத்திலிருந்து அடித்த பந்து, தூரத்திலிருந்து அடித்த பந்து, தன் பாதி மைதானத்திலேயே பறிகொடுத்த பந்து, கோல்கீப்பர் பிடித்த பந்து என்று தலைப்பு போட்டுப் பிரித்திருப்பார். பையில் இரண்டு பென்சில் இருக்கும். அழிப்பான் வைத்துக்கொள்ள மாட்டார். தப்பாகப் போட்டுவிட்டால் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதைப் போடுவார்.

திண்டுக்கல்லில் நான் உடற்கல்வி இயக்குநராக வேலை பார்த்த கல்லூரியில் அவர் புள்ளியியல் துறையின் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பட்டியலில் பெயர் வந்தால்தான் அந்த ஆண்டு வேலை உண்டு. அப்போது அவருக்கு முப்பது வயது ஆகியிருக்காது. ரயிலடிப் பக்கம் அம்மாவோடு இருந்தார். சின்னாளப்பட்டிச் சேலை, தோளில் துணிப்பை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. மாணவர்கள் அவரைக் 'கோடு மேடம்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவரை மைதானத்துக்குக் கூட்டி வந்தது நான்தான். சுற்றுவட்டாரத்தில் எட்டுக் கல்லூரிகளுக்குக் கால்பந்து அணி இருந்தது. எந்த அணி நல்ல அணி என்பதை எட்டு உடற்கல்வி இயக்குநர்களும் கூடி, டீ குடித்துக்கொண்டே முடிவு செய்வோம். பழைய பேர் உள்ள கல்லூரிக்கு எப்போதும் மேலிடம். யாராவது எதிர்த்துக் கேட்டால் பத்து வருஷத்துக்கு முந்தைய கோப்பையைப் பற்றிப் பேச்சு வரும். ஒரு கூட்டத்தில் இது பெரிய சண்டையாகிவிட்டது. கணக்குப் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று நான் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் புள்ளியியல் துறைக்குப் போனபோது இருக்கையில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"நல்ல டீம் எதுன்னு கண்டுபிடிக்கணும் மேடம்" என்றேன்.

"நல்ல டீம்னா என்ன சார்?"

"ஜெயிக்கிற டீம்."

"அப்ப ஜெயிச்சத எண்ணுனாப் போதுமே. அதுக்கு நான் எதுக்கு?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. தோற்றாலும் நன்றாக ஆடுகிற அணி உண்டு, அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கிற அணியும் உண்டு என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "இப்ப சொன்னீங்கள்ல, அதுதான் கேள்வி" என்றார். அன்று சாயங்காலமே குடையோடு மைதானத்துக்கு வந்துவிட்டார். அதுவரை அவர் ஒரு கால்பந்து ஆட்டம்கூட முழுதாகப் பார்த்தவரில்லை. கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் எறிகிறார்களே, அது தப்பில்லையா என்று என்னிடம் கேட்டார்.

இரண்டே மாதத்தில் எங்கள் அணியைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஃபார்வர்டு ஒருவனை ஊரே கொண்டாடியது. அவன் அடிக்கிற பந்துகளில் முக்கால்வாசி வெகு தூரத்திலிருந்து அடிப்பவை, அவற்றில் ஒன்றுகூட கோலாகவில்லை என்று நோட்டைக் காட்டினார். நான் தினமும் திட்டிக்கொண்டிருந்த ஒல்லியான நடு ஆட்டக்காரன் ஒருவன் காலுக்கு வந்த பந்து அநேகமாகப் பறிபோவதே இல்லை என்றும் காட்டினார். அவனை வைத்து ஆட்டத்தை மாற்றினேன். அந்த ஆண்டு நாங்கள் தொடர்ந்து ஜெயித்தோம். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவரிடம் பழகுவது அவ்வளவு சுலபமில்லை. எண்ணாத எதையும் சொல்ல மாட்டார். எண்ணியதையும் அளவுக்கு மேல் சொல்ல மாட்டார். ஒருமுறை சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என் மனைவி கொடுத்தனுப்பிய வெஞ்சனத்தைச் சாப்பிட்டார். பிறகு வீட்டுக்கு வந்தபோது மனைவி, எப்படி இருந்தது என்று கேட்டாள். "நல்லா இருந்துச்சுக்கா. ஆனா ஒங்க கைப்பக்குவம் எப்பிடின்னு சொல்லணும்னா இன்னும் ரெண்டு மூணு தடவ சாப்பிடணும்" என்றார். மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த நாளும் கொடுத்தனுப்பினாள்.

முதல்வருக்கு இதெல்லாம் சிரிப்பாக இல்லை. விளையாட்டு விழாவுக்கு முன்னால் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, "என்ன மேடம், இந்த வருசம் கப் நமக்குத்தானே?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா ஒரு டிபார்ட்மென்ட்?"

"அதுக்குத்தான் சார். எம்புட்டு தெரியாதுங்கிறதச் சொல்றதுக்குத்தான் எங்க டிபார்ட்மென்டே."

குறும்பாகச் சொல்லவில்லை. பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னார். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அந்த மழை ஆண்டு வந்தது. லீக் ஆட்டங்கள் எல்லாம் எங்கள் மைதானத்தில். மழைக்கு நடுவே எட்டு அணிகளும் இரண்டிரண்டு ஆட்டம் முடித்த நிலையில், இனி ஆடவே முடியாதபடி மழை பிடித்துக்கொண்டது. சிறுமலை நாலு நாள் கண்ணுக்கே தெரியவில்லை. மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். தேர்வுகள் நெருங்கிவிட்டதால் மீதி ஆட்டங்களைத் தள்ளிப்போடவும் வழியில்லை. மண்டலப் போட்டிக்கு நான்கு அணிகளை அனுப்ப வேண்டும். மேடம் போட்டு வைத்திருக்கும் கணக்கை வைத்தே தேர்ந்தெடுத்துவிடலாம் என்று எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டோம். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று அணிகளைப் பற்றிச் சந்தேகமே இல்லை. நான்காவது இடம் எங்களுக்கா, ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கா என்பதில்தான் சிக்கல். அது புதிய கல்லூரி. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் படித்தார்கள். பாதிப் பேருக்குச் சரியான காலணி கிடையாது. எட்டு அணிகளில் முதலாவதாக இருந்த அணியோடு கொட்டுகிற மழையில் ஆடி, ஒரு கோல்கூட வாங்காமல் டிரா செய்திருந்தார்கள். பலமான அணியோடு ஆடியதற்குக் கணக்கில் மதிப்பு உண்டு. ஆகவே அவர்கள் எங்களைவிட ஒரு நூல் மேலே இருந்தார்கள். கணக்குத் தாளில் அதற்குக் கீழே மேடம் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'இருவருக்கும் இரண்டே ஆட்டம். வித்தியாசம் மிகச் சிறிது. இதை வைத்து யார் மேல் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த இரு அணிகளுக்கும் ஒரு ஆட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது.'

ஒரே ஒரு ஆட்டம். எங்காவது ஒரு காய்ந்த மைதானத்தில் ஒரு காலை நேரம் போதும். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அவர்களை நான் மழையில் பார்த்திருந்தேன். ஐந்து ஆண்டுகளாக விடாமல் மண்டலப் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு கிராமத்துக் கல்லூரியிடம் தோற்று நிற்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

மத்தியானம் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தாளைப் புதிதாகத் தட்டச்சு செய்தேன். அவர்கள் டிரா செய்த ஆட்டத்தை எடுத்துவிட்டு, 'தண்ணீர் தேங்கிய நிலையில் நடந்த ஆட்டம் கணக்கில் சேர்க்கப்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் அதே சேற்றில் நாங்கள் ஜெயித்த ஆட்டத்தை விட்டுவைத்தேன். அவர் எழுதியிருந்த குறிப்பை எடுத்துவிட்டேன். எல்லாம் முடித்த பிறகு அடியில் அவர் பெயரையும் துறையையும் போட்டேன். என் பெயரைப் போட்டிருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

கூட்டத்தில் அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் தாளை இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் அடியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "அந்த மேடம் போட்டதா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் தாளைப் பார்த்துவிட்டு மேடம் நோட்டோடு என் அறைக்கு வந்தார்.

"சார், இதுல ஒரு ஆட்டம் கொறையுது."

"கமிட்டி முடிவு மேடம். தண்ணி நின்ன ஆட்டம் வேண்டாம்னுட்டாங்க."

"மறுநாளும்தான் தண்ணி நின்னுச்சு."

நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினேன். "சரி சார், கமிட்டி எடுத்த முடிவுன்னா கமிட்டி பேரப் போடுங்க. எம்பேர எடுத்துருங்க" என்றார்.

எடுத்துவிடுவதாகச் சொன்னேன். எடுக்கவில்லை. அவர் மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் முதல்வருக்கு எழுதிக் கொடுத்தார். முதல்வர் இருவரையும் கூப்பிட்டார். மேடம் மேசைக்கு இந்தப் பக்கம் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"என்ன பிரச்சினை?" என்று முதல்வர் என்னைக் கேட்டார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. என் வேலை நிரந்தர வேலை. திட்டு வாங்கியிருப்பேன், அம்புட்டுதான். ஆனால் நான் சொன்னது இது:

"மேடத்துக்கு ஃபுட்பால் புதுசு சார். பாவம், மழையில உக்காந்து எண்ணுனாங்க. எண்ணுறதுல தப்பு வந்திருக்கலாம். அதனாலதான் அந்த ஆட்டத்த எடுக்க வேண்டியதாப் போச்சு."

'பாவம்' என்றும் சொன்னேன். அது என் காதில் இப்போதும் கேட்கிறது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கோபமில்லை. நான் சொன்னதில் உண்மை இருக்குமோ என்று யோசிக்கிற முகமாக இருந்தது. "எண்ணுனதுல தப்பு இல்லன்னுதான் நெனைக்கிறேன் சார்" என்றார். எப்போதும் எண்ணியதைப் பற்றி 'நினைக்கிறேன்' என்று சொல்லாதவர்.

"சரி, விடுங்க. விளையாட்டு விசயம், பெருசு பண்ண வேணாம்" என்று முதல்வர் முடித்துவிட்டார்.

மண்டலப் போட்டிக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். அதன் பிறகு மேடம் மைதானத்துக்கு வரவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் "வணக்கம் சார்" என்பார். அடுத்த ஜூன் மாதப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. முதல்வருக்கு எழுதிக் கொடுத்ததுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை.

இதெல்லாம் நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. போன மாதம் ஒரு கல்லூரி மைதானத்தில் பள்ளி மாணவிகள் கால்பந்துப் போட்டியின் கடைசி நாள். ஓய்வு பெற்ற என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது ஆட்டத்தைக் கேமராவில் எடுத்து, கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் எண்ணுகிறது. 'இந்த வட்டாரத்துக் கால்பந்துக்குப் புள்ளிவிவரத்தைக் கொண்டுவந்த முன்னோடி' என்று என்னை அறிமுகப்படுத்திச் சால்வை போட்டார்கள். நான் கும்பிட்டேன்.

மேடையை விட்டு இறங்கியதும் ஒருவர் வந்து கும்பிட்டார். நல்ல உயரம். கன்னிவாடியில் விவசாயம் பார்ப்பதாகச் சொன்னார். மகள் ஆட வந்திருந்தாளாம்.

"என்னைய ஒங்களுக்குத் தெரியாது சார். அந்த மழை வருசம் ரெட்டியார்சத்திரம் பக்கத்து டீம்ல நாந்தேன் கோல்கீப்பர்" என்றார். "கணக்குப் போடுற மேடம் ஒருத்தவுக இருந்தாகளே, நல்லாருக்காகளா?"

"தெரியலப்பா. அவங்கள எப்பிடித் தெரியும்?"

"எங்க காலேசுக்கே வந்தாகளே. மழை விட்டு ஒரு பத்து நாள் இருக்கும், அதுக்குள்ள ஜோனல் தொடங்கிருச்சு. பஸ்ஸ விட்டு இறங்கி நடந்தே வந்தாக. டீம் பூராவையும் கூப்பிட்டு, கணக்குல ஒங்க ஆட்டம் ஒண்ணு விட்டுப்போச்சு, நாலாவது எடம் ஒங்களுதுன்னாக. மறு நிமிசமே, ஆனா ரெண்டே ஆட்டம்தேன், நீங்கதேன் நல்ல டீம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாக. பயலுக சிரிச்சுட்டாய்ங்க சார்."

அவரும் சிரித்தார்.

"யாரு விட்டதுன்னு கேட்டீங்களா?"

"கேட்டோம். எம்பேரு போட்ட தாளு, அதனால எம்பொறுப்புதேன்னுட்டாக. எங்களுக்கு வருத்தந்தேன். ஜோனலுக்குப் போயிருந்தா யுனிவர்சிட்டி டீம் செலக்சன்ல நின்னுருப்பேன். போலீசு வேலைக்கு எழுதிப்போட அந்த சர்டிபிகேட் ஒதவியிருக்கும். ஆனா அவுக மேல கோவம் வரல. ஒருத்தவுக வந்து சொல்றதே பெருசில்லையா."

"அவங்க இல்லப்பா" என்றேன். "அந்த ஆட்டத்த எடுத்தது நான். வேணும்னேதான் எடுத்தேன். அவங்க பேரப் போட்டதும் நான்தான்."

அவர் என் முகத்தையும் தோளில் கிடந்த சால்வையையும் பார்த்தார். தூரத்தில் அவர் மகள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"இத அவுககிட்ட சொல்லிட்டீகளா சார்?"

"இல்ல."

"பெறகு எங்கிட்ட எதுக்குச் சொல்றீக?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு மகளிடம் போனார்.

மேடத்தின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. பழைய துறைத் தலைவர் ஒருவரிடம் இருந்தது. இப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இருக்கிறார் என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னதும், "சொல்லுங்க சார், அக்கா நல்லாருக்காங்களா?" என்று கேட்டார். நல்லாருக்கிறாள் என்றேன். பிறகு எழுதி வைத்துப் படிப்பவனைப்போல எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டி எடுக்கவில்லை, நான் எடுத்தேன் என்றேன். முதல்வர் அறையில் சொன்னது பொய் என்றேன். அந்தக் கோல்கீப்பரைப் பார்த்ததையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.



"அன்னைக்கு வீட்டுக்குப் போயி எட்டு ஆட்டத்தையும் திரும்ப எண்ணுனேன் சார்" என்றார். "நோட்டுல சரியாத்தான் இருந்துச்சு. ஆனா நோட்டுல போடும்போதே தப்பாப் போட்டிருந்தா? அத எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? மழைல கண்ணுக்குச் சரியாத் தெரியாமப் போயிருக்கலாம்ல. நீங்க இத்தன வருசம் ஆட்டம் பாத்தவரு. நீங்க சொன்னா இருக்கும்னு நெனச்சேன்."

"தப்பு இல்ல மேடம். ஒண்ணுகூட தப்பு இல்ல."

"சரி சார்."

"அப்பவே சொல்லியிருக்கணும்."

"ஆமா சார்" என்றார். பிறகு, "பரீட்சப் பேப்பர் திருத்துனா இப்பவும் மூணு தடவ கூட்டுறேன். கூட வேல பாக்குறவங்க கேலி பண்ணுவாங்க. ரெண்டு தடவையும் ஒண்ணாத்தான் வரும். இருந்தாலும் மூணாவது தடவ கூட்டாம வைக்க முடியல" என்றார்.

"இனிமே வேணாம் மேடம்."

"பாப்போம் சார்" என்றார். "பழகிப்போச்சு."